மேசையில் எதுவும் விடாதவர்

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது நூலகர் மேடம் அங்கே பதினோரு வருடம் முடித்திருந்தார். ஓய்வு பெறும்போது முப்பத்திரண்டு. இடையில் உள்ள இருபத்தோரு வருடமும் நான் கண்ணால் பார்த்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கிருந்த புத்தகங்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மேசைகளைப் பற்றிச் சொல்வேன்.

மூன்றாம் மாடிதான் மேடத்தின் இடம். ஜன்னலோரம் ஆறு மேசை, நடுவில் பத்து. அங்கிருந்தவை இரவல் கொடுக்காத புத்தகங்கள்: பழைய மழைக் கணக்குகள், நில அளவைப் பதிவுகள், தடித்தடியாகக் கட்டிய ஆராய்ச்சிக் கட்டுரைகள். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சுவரில் ஓர் அட்டை தொங்கும். மாலையில் ஊழியர் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்த பிறகுதான் அடுக்க வேண்டும். இந்தப் புத்தகத்தை இன்று ஒருவர் எடுத்தார் என்று அதில் ஏறும். இரவல் போகாத புத்தகத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.

மேடம் பதிய மாட்டார். மாலைவரை பொறுக்கவும் மாட்டார். ஆள் எழுந்து போன சூடு நாற்காலியில் ஆறுவதற்குள் புத்தகம் அலமாரியில் தன் இடத்துக்குப் போயிருக்கும். ரப்பர் செருப்பு, காலடிச் சத்தமே கேட்காது. மாணவர்கள் அவருக்குப் ‘பூனை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன்டா. பூனை வந்து புஸ்தகத்தைக் கவ்விட்டுப் போயிடும், பார்த்துக்கோ.”

“நான் தடுத்தா என்னையும் தூக்கி அலமாரியில வெச்சிடும்.”

அலமாரிக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் வரும். “எந்த நம்பர்ல வைக்கிறதுன்னுதான் தெரியல.”

அவர் சிரிக்க மாட்டார். மாணவர்கள் சிரித்து ஓய நேரமாகும்.

வீட்டிலும் அப்படித்தானாம். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கையோடு இருந்தார். அந்தத் தங்கை ஒருமுறை நூலகத்துக்கு வந்தபோது என்னிடம், “நான் பாதி டீ குடிக்கிறதுக்குள்ள டம்ளரைப் பிடுங்கிக் கழுவிக் கவுத்துடுவா எங்க அக்கா. மிச்சத்தைக் கையில ஏந்தித்தான் குடிக்கணும்” என்றார்.

உதவி நூலகர் ஒருநாள் கேட்டுவிட்டார். “பதியாமலே வெச்சிடுறீங்களே மேடம், நாளைக்கு யாராவது கேட்டா?”

“யாரு என்ன படிச்சாங்கன்னு நமக்கு எதுக்குப்பா? படிச்சவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். புஸ்தகம் அதோட எடத்துல இருக்கணும். எடம் மாறிப் போன புஸ்தகமும் தொலைஞ்சு போன புஸ்தகமும் ஒண்ணுதான்.”

மாத அறிக்கையில் மேசையில் படித்த புத்தகங்களுக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிடுவார். இருபது வருடம் யாரும் கேட்கவில்லை.

அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது கேட்டார்கள். மூன்றாம் மாடியைக் காலி செய்து, மெத்தை நாற்காலி போட்ட கூடமாக்கப் போகிறார்களாம். பத்து வருடத்தில் ஒருமுறையும் பயன்படாத புத்தகங்களை நீக்கலாம் என்று உத்தரவு. கணினியைத் தட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் இருந்த ஒன்பதாயிரத்து நானூறு புத்தகங்களுக்கும் நேராகப் பூச்சியம்.

மேடம் அந்தத் தாள்களை நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று பேர் கொண்ட குழு வந்தது. ஒருவர் பதிவாளர். ஒருவர் வெளியாள். மூன்றாமவர் இங்கேயே படித்துப் பேராசிரியரானவர். ஜன்னலோர மேசையில் நாலு வருடம் மழைக் கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். அவர் மேசையில் சிந்திய மையை நான்தான் துடைத்தேன். நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனபோது மேடம் அவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்களே இங்க உக்காந்து படிச்சவர்தானே சார். நீங்க சொல்லக் கூடாதா?”

“அது ஆச்சு மேடம் பதினாலு வருஷம். பத்து வருஷக் கணக்குக்குள்ள அது வராது.”

“தினமும் ஆள் வராங்க சார்” என்றார் மேடம் பதிவாளரிடம். “நானே என் கையால எடுத்து வைக்கிறேன்.”

“எடுத்து வெச்சீங்க, சரி. பதிஞ்சீங்களா?”

மேடம் என்னைப் பார்த்தார். பதிவாளரும் திரும்பினார்.

“ஏம்மா, நீதானே மேசை துடைக்கிறே? ஆள் வராங்களா?”

“வராங்க சார்.”

“எத்தனை பேர்?”

யார் யார் எந்த மேசையில் உட்காருவார்கள், யார் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று எண்ணியதில்லை. “நிறையப் பேர் சார்” என்றேன். பேராசிரியர் தேநீரை எடுத்துக்கொண்டார். பதிவாளர் தாளில் ஏதோ எழுதினார். நான் சொன்னதை எழுதியிருக்க மாட்டார்.

ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதுவரை பதிந்து காட்டலாம் என்றார்கள். அந்த மாதம் விடுமுறை மாதம். மேடம் பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். முப்பத்தொரு புத்தகம் ஏறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், நான் வேணா அலமாரி அலமாரியா அந்தக் கருவியைக் காட்டிட்டு வந்திடட்டுமா? யாருக்குத் தெரியப் போகுது?”

“ஒரே மாசத்துல ஒன்பதாயிரம் பேர் வந்து, ஆளுக்கு ஒரு புஸ்தகம் வரிசை தப்பாம எடுத்துப் படிச்சாங்களா?” என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, “வந்தவங்களையெல்லாம் நானே அழிச்சிட்டேன் பாரு” என்றார்.

முப்பத்தொரு புத்தகத்தை மட்டும் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். மற்றவை எல்லாவற்றிலும் ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி நூலகர் கையெழுத்துப் போட வேண்டும். உதவி நூலகர் தானே செய்வதாகச் சொல்லியும் மேடம் விடவில்லை. மீதி இருந்த ஏழு மாதமும் அதுதான் வேலை. காலையிலிருந்து மாலைவரை தொப் தொப்பென்று முத்திரைச் சத்தம். அலமாரியிலிருந்து எடுத்தார், குத்தினார், கையெழுத்துப் போட்டார், வண்டியில் வைத்தார். திரும்ப வைக்க இடமில்லை. வாரம் ஒருமுறை லாரி வந்து எடைக்கு அள்ளிப்போனது. அவர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

கடைசி நாள் பேச்சில் பதிவாளர், “மூன்றாம் மாடியை இவர் போல் சுத்தமாக வைத்திருந்தவர் யாருமில்லை” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தங்கைதான் கதவைத் திறந்தார்.

“வாங்க, நீங்களாவது சொல்லிப் பாருங்க. குளிச்ச துண்டு குளிச்ச எடத்துல, படிச்ச பேப்பர் படிச்ச எடத்துல. நாள் முழுக்க இவ பின்னாடியே குனிஞ்சு பொறுக்கிட்டிருக்கேன். எங்க அக்காதானான்னு சந்தேகமா இருக்கு.”

மேடம் நாற்காலியில் இருந்தார். தலை வாரவில்லை. முன்னே மேசையில் மூன்று நாள் செய்தித்தாள், மூக்குக் கண்ணாடி, மாத்திரை உறை, ஆரஞ்சுத் தோல், குடித்து முடித்த டம்ளர் ஒன்று. உட்காரச் சொன்னார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“விடும்மா. அங்கேயே இருக்கட்டும்.”

“கழுவி வெச்சிடுறேன் மேடம்.”

“வேண்டாம். இருந்தாத்தானே இங்க யாரோ குடிச்சாங்கன்னு தெரியும்.”

தங்கை உள்ளே போய்விட்டார். மேசையில் டம்ளரின் ஈர வட்டம் இன்னும் காயவில்லை. அதன் மேலேயே திரும்ப வைத்தேன்.