நூலகர் வீட்டு அட்டைப்படங்கள்

மத்தாப்பு கொளுத்தும் ஒரு பெண். பொறிகளின் வெளிச்சம் கன்னத்தில் மட்டும் விழும்படி ஓவியர் தீட்டியிருந்தார். பழைய தீபாவளி மலர் ஒன்றின் அட்டை அது. எங்கள் நூலகர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. மூலையில் ஊதா முத்திரை. இலுப்பூர்ப் பக்கம் நாங்கள் இருவரும் வேலை பார்த்த சிறிய நூலகத்தின் முத்திரை.

நான் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவரிடம் விடுப்புக் கடிதம் வாங்கப் போயிருந்தேன். நாலு சுவரிலும் அட்டைகள். நாற்பதுக்கும் மேல் இருக்கும். பொங்கல் பானை, ஏர்பூட்டிய உழவர், மழையில் ஓடும் பள்ளிப் பிள்ளைகள். எல்லாமே நாங்கள் பைண்டு செய்து அடுக்கியிருந்த வார இதழ்களிலிருந்து பிளேடால் வெட்டியவை.

“அங்கன கெடந்தா கரையான் தின்னுரும்மா. மனசு கேக்கல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெளிய சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. அந்த வருட இருப்புச் சரிபார்ப்பில், தொகுப்புகள் சேதமின்றி உள்ளன என்று அவர் எழுதிய வரிக்குக் கீழே நானும் கையெழுத்திட்டேன். வேலை புதிது, அவர் எதிரே நின்றிருந்தார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அதன்பின் நாங்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசியது குறைவு. அவர் மாறுதல் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் புதிதாக வருபவர் அலமாரியைத் திறப்பாரே!

அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். தொகுப்புகள் கழிவுத்தாளாகப் போய் வெகுகாலமாகிறது. வெட்டியிராவிட்டால் அட்டைகளும் போயிருக்கும். அதை அவர் ஒருமுறைகூடத் தனக்குச் சாதகமாகச் சொன்னதில்லை.

போன வருடம் அவர் மனைவி இறந்த பிறகு என்னை வரச் சொல்லி, தன் கையால் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். “பூராத்தையும் எழுதிட்டேன். மேல அனுப்பிருங்க. ஒங்க பேரு இதுல இல்ல.”

அதனுடன் நான் ஒரு முகப்புக் கடிதம் இணைத்தேன். மூன்றே வரி. என் கையெழுத்தைப் பற்றியும் எழுத அந்தத் தாளில் நிறைய இடம் இருந்தது. எழுதவில்லை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய தாள்கள் தொடர்பாக நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்று ஒரே வரி. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இம்புட்டுத்தானா? எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவுகளக் கோயில்லயே வச்சுப் பேசி அனுப்புனேனேம்மா. ஒரு மனுசர வீட்டுக்குள்ள கூப்புடலயே.”

நெடுநேரம் அழுதார். பிறகு முகம் கழுவி வந்து, “ஒங்களுக்கும் இப்பத்தான் நிம்மதியா இருக்கும்ல?” என்றார்.

“இருக்குங்க சார்” என்றேன்.

அடுத்த வாரம், அட்டைகளைப் பார்க்க வாசகர்கள் நாலு பேரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னார். நான் இன்னும் கூட்டிப்போகவில்லை.