ஆழத்துக்கு ஒரு பூட்டு

கணினியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: நேற்றுவரை சரியாக ஓடியது இன்று பிழையாக ஓடினால், இடையில் யாரோ நல்லெண்ணத்தோடு கைவைத்திருப்பார்கள்.

பல வருஷம் வெளிநாட்டில் இதே தொழிலைச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மாடி அறையில் நானும் தர்ஷினியும் வேலை செய்கிறோம். எந்த இறங்குதுறையில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சிறு படகுக்காரருக்கு ஃபோனில் காட்டுவதுதான் எங்கள் புரோகிராம். எழுதியது லிஸ்ப் மொழியில்.

ஊரெல்லாம் இருபது அடி

லிஸ்பில் ஒரு வசதி. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இருக்கும் ஒரு கணக்கை, நாங்கள் சார்பு என்று சொல்வதை, மாற்றி எழுதலாம். அது ஏன் எதற்கு என்று கேட்காது. தண்ணீரைக் கணக்கிடும் சார்புக்கு 'ஆழம்' என்று பெயர் வைத்திருந்தேன். வேலைக்கு வந்த புதிதில் தர்ஷினி, திரையில் எழுத்து வடிவாகத் தெரிகிறதா என்று பார்க்க, எந்த இடத்தைக் கேட்டாலும் இருபது அடி என்று சொல்லும்படி அதை மாற்றினாள். ஒத்திகைக்குத்தான். பழையதைத் திருப்பி வைக்க மறந்து சாப்பிடப் போய்விட்டாள். இதை நீங்களும் செய்திருப்பீர்கள். செய்யாதவர் தொழிலுக்குப் புதியவர்.

மூதூருக்கு ஆட்களை ஏற்றும் நசீர் காக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். படகு மணலில் ஏறிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை, ஆனால் பிள்ளைகளும் இருந்த படகு. அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, உங்கட கணக்குப்படி இஞ்ச இருபது அடித் தண்ணி. நான் இப்ப முழங்கால் தண்ணியில நிண்டுதான் கதைக்கிறன்."

குசினிக்கும் பூட்டு

தர்ஷினி அழவில்லை. ஓடுகிற புரோகிராமைத் தொடுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஒரு எழுத்தை மாற்றவும் என்னைக் கூப்பிட்டாள். உப்புவெளி விடுதியொன்றில் வரவேற்பு வேலை இருக்கிறதாம் என்று சாடையாகச் சொன்னாள். நல்ல மூளைக்காரி, அவளை விட எனக்கு மனமில்லை. அவளுடைய பயம் தெளியட்டும் என்று யாரும் எதையும் மாற்ற முடியாதபடி புரோகிராம் முழுவதையும் ஒரேயடியாகப் பூட்டி, திறப்பை, அதாவது பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லை, நானே வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு மகாவலி ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கொட்டியாரக் குடாவில் மணல்மேடுகள் இடம் மாறின. ஒரு எச்சரிக்கை வசனம் சேர்க்க வேண்டும். நானோ கண்டியில் ஒரு கலியாண வீட்டில். அங்கே தர்ஷினியின் ஃபோன் வந்தது.

"அண்ணை, கள்ளனுக்குப் பயந்து வீட்டைப் பூட்டினது சரி. குசினியையும் பூட்டித் திறப்பைக் கொண்டு போனா ஆர் சமைக்கிறது?"

ஒவ்வொன்றாக

வந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சார்புகளைத் தனித்தனியே பூட்ட ஒரு வழி எழுதினேன். பூட்டிய சார்பை யாராவது மாற்றப் போனால் அது மறுத்து, ஒரு வசனம் காட்டும். மற்றவை திறந்தே கிடக்கும். எதைப் பூட்டுவது என்று தர்ஷினியிடமே கேட்டேன். 'ஆழம்' என்ற பெயரைத் தொட்டுக் காட்டினாள். "என்னை நம்பாமத்தானே?" என்றாள். எங்கள் இருவரையும்தான் என்றேன். அதற்குரிய வசனத்தையும் அவளே எழுதினாள், எனக்குக் காட்டவில்லை.

"அப்ப திறப்பு என்னட்ட இருக்கட்டும். நீங்கள்தான் அடிக்கடி கலியாண வீட்டுக்குப் போற ஆள்."

போன கிழமை

கிண்ணியாத் துறையையும் சேர்க்கும் அவசரம். திரையைப் பார்க்க மட்டும் 'ஆழம்' பத்து அடி என்று சொல்லட்டுமே என்று நினைத்துத் தட்டினேன். மறுத்துவிட்டது. "இதை நம்பித் தண்ணியில ஆக்கள் நிக்கினம். முதல்ல தர்ஷினியைக் கேளுங்கோ" என்று திரையில் வந்தது.

பக்கத்துக் கதிரையில் அவள், ஓடுகிற புரோகிராமில் எதையோ தன் கையாலேயே மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேளுங்கோ அண்ணை, இஞ்சதானே இருக்கிறன். உப்புவெளிக்குப் போகேல்லை."

இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றுள் முதல் தடவையிலேயே சரியாக வேலை செய்தது, என்னையே மறித்த அந்தப் பூட்டு ஒன்றுதான்.