ஏழடி மாப்பிள்ளை

ஜூன் மாதம் வந்தால் அம்புறோசுக்கு விசர் பிடித்துவிடும். மற்ற மாதங்களில் புரோசார்ட் நகரில் ஒரு தளபாடக் கடையில் சோபா தூக்குகிற சாதுவான மனிதர்தான். ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகங்கள் புதுப் பொடியன்களைத் தெரிவுசெய்யும் நாள் கிட்ட வந்தால், சோற்றைக்கூடத் தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்துத்தான் பிசைவார். அதிலும் அவருக்குச் சென்ரர்கள்தான் வேண்டும், கூடைக்குக் கீழே நிற்கிற அந்த நெட்டையன்கள்.

கத்தோலிக்கக் கோயில் ஆம்பிளைகளுக்குள் இதற்கு ஒரு போட்டி இருந்தது. ஆளுக்கொரு இளம் சென்ரரைச் சொல்லவேண்டும். எவருடைய பொடியனைக் கழகங்கள் முதலில் கூப்பிடுகின்றனவோ அவர் வென்றார். வெல்கிறது எப்போதும் றெனோல்ட். அவன் அம்புறோசின் மனைவி யோசெப்பினின் சொந்தத் தம்பி, வென்றால் வாயை மூடமாட்டான்.

யோசெப்பினுக்கு இந்தப் பந்துக் கூத்து ஒன்றும் ஏறாது. அவளுக்கு வேறு தலையிடி. மகள் சர்மிளா மருந்துக்கடையில் தன்னோடு வேலை செய்கிற மத்தியூ என்ற பிரெஞ்சுப் பொடியனை விரும்புகிறாள். தாய்க்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியாது. “எங்கடை ஆக்களுக்கை எங்கடை கோயில் பொடியன்” என்று அம்புறோஸ் கல்லில் எழுதின மாதிரிச் சொல்லி வைத்திருந்தார். பிள்ளை இப்படியே ஒளித்து ஒளித்துத் தேய்ந்துபோவாளோ என்று யோசெப்பினுக்குக் கவலை.

அந்த வருசம் அம்புறோஸ் ஓஹாயோப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு நெட்டையனைக் கண்டுபிடித்துவிட்டார். யாருக்கும் வாய் திறக்கவில்லை, றெனோல்ட் மணந்துபிடித்துவிடுவான் என்று பயம். ஆனால் விசாரிக்காமல் ஒரு பொடியனைத் தீர்மானிக்க யாழ்ப்பாணத்தானால் முடியுமா? அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பெற்றோல் கடை வைத்திருக்கிற பெரியப்பா மகன் ஹென்றிக்குப் போன் எடுத்தார். பந்து என்ற சொல்லே வரவில்லை.

“தம்பி, பொடியன் எப்பிடி? குடி, சிகரெட் இருக்கோ?”

“நல்ல பொடியன் அண்ணை. பால்தான் வாங்கிறவன்.”

“தாய் என்ன உயரம்? குடும்பத்திலை வருத்தம் ஏதும்? முழங்கால் எப்பிடி?”

“முழங்காலோ?” ஹென்றி ஒருக்கால் யோசித்தான். “நொண்டி நடந்ததைக் காணேல்லை அண்ணை. ஆனால் ஆள் ஏழடி. சரியாய் விசாரிச்சுச் சொல்லுறன்.”

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற யோசெப்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹென்றி என்ன நினைத்திருப்பான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. திருத்தினாளோ? சீ! அவளுக்கென்ன விசரா?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஹென்றியின் மனைவி நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற செலீன் அக்காவுக்குச் சொன்னாள். செலீன் அக்காவுக்குச் சொன்னால் பிறகு வேறு ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது செலீன் அக்கா வாசலிலேயே மறித்தாள்.

“அம்புறோஸ், மகளுக்கு ஏழடி வெள்ளைக்காரன் பாக்கிறீராம்! எங்கடை ஆக்களுக்கை பொடியளே இல்லையோ?”

அம்புறோசின் முகம் வெளிறியது. பந்துக்கு விசாரித்தேன் என்றால் பொடியன் ஆரென்று றெனோல்ட் உடனே கேட்பான். அவன் பக்கத்தில்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கள்ளனுக்குத் தேள் கொட்டின கதை. அந்த நேரம் பார்த்துப் பூசை வைத்த சுவாமியும் வந்து, “என்ன அம்புறோஸ், மெய்யோ?” என்றார்.

“பிள்ளையின்ரை சந்தோசம்தானே சுவாமி முக்கியம்,” என்றார் அம்புறோஸ், நெஞ்சை நிமிர்த்தி. “பொடியன் நல்லவனெண்டால் எந்த நாடெண்டால் என்ன?”

சுவாமி அவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெரிவு நாளான வியாழக்கிழமை அந்த நெட்டையனை ஒரு கழகமும் கூப்பிடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக ஒருவரும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, யோசெப்பின் தொடங்கினாள். “அப்ப மத்தியூவை வரச் சொல்லட்டே?”

“ஆர் மத்தியூ?”

சொன்னாள். சர்மிளா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அட கோதாரி! நான் விசாரிச்சது பந்து விளையாட்டுக்கடி!”

“அப்ப கோயில் வாசலிலை சுவாமிக்குப் பொய்யே சொன்னனீங்கள்?”

அம்புறோஸ் கதிரையில் தொப்பென்று இருந்தார். கத்தப்போகிறார் என்று யோசெப்பின் நினைத்தாள். அவர் கத்தவில்லை, மகளைப் பார்த்தார்.

“எத்தினை காலமாய்?”

“ரெண்டு வருசம் அப்பா.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பயம்.”

அந்தச் சொல் அவருக்கு நல்லாய் நொந்தது, முகத்திலேயே தெரிந்தது. யோசெப்பினுக்கும் சிரிப்பு எங்கோ போய்விட்டது, பாவம் மனிசன் என்று இருந்தது. அம்புறோஸ் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார்.

“வாற ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச்சொல்லு,” என்றார் கடைசியில்.

சர்மிளாவுக்கு அழுகை வந்துவிட்டது. “அவரைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே அப்பா?”

“என்னத்தைக் கேக்கிறது? ரெண்டு வருசமாய் நீ விசாரிச்சிட்டாய்தானே.”