எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சில் தொங்கிய சீட்டு

கோடை லீவுக்குப் பொதட்டூர்பேட்டை போய்விட்டு கும்மிடிப்பூண்டி வீட்டுக்குத் திரும்பினால், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பின்னால் ஒரு மைனா குடித்தனம் வைத்திருந்தது. மூன்று முட்டை. அப்பாவுக்கு சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. ஹெல்மெட் போடாதவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே ஆளாகத்தான் இருப்பார்.

"கலைச்சுப் போடுங்க" என்றாள் அம்மா.

"முட்ட இருக்கிற கூட்டுல கை வெக்கிறது சட்டப்படி குத்தம். குஞ்சு பறந்ததும் நானே எடுத்துடறேன்."

சொல்லிவிட்டு ஃபேன் சுவிட்சில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினார். கம்பெனியில் மெஷினைப் பிரித்து வேலை பார்க்கும்போது கட்டுகிற சீட்டு. 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதே.' கீழே அவர் பெயர், கையெழுத்து, போட்டோ வேறு. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே விதி. மைனாவை 'ஆள்' என்று சொல்லலாமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தார்.

குஞ்சுகள் பொரிந்து கத்த ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மிளகாய் வறுத்தாள். வீடே இருமியது. "நான் பொகையில வெந்துக்கினு கெடக்குறேன், மைனாவுக்கு மாப்ள மரியாதை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. குஞ்சுகளை நினைக்கவே இல்லை. ஸ்டூலில் ஏறி, சீட்டைப் பிய்த்து, சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றவில்லை.

திரும்பினால் அப்பா. அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ சட்டைப் பையிலிருந்து ஃபேனின் ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். "சீட்ட மட்டும் நம்பக் கூடாதுனுதான் இத கழட்டி வெச்சுக்கினேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் போட்ட சுவிட்சை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். மூன்று மைனாக் குஞ்சுக்கா இவ்வளவு என்று நினைத்தேன். கிழிந்த சீட்டை ஒட்டி மறுபடி கட்டினார்.

குஞ்சுகள் பறந்து, நாலு நாள் கூடு காலியாகவே கிடப்பதைப் பார்த்த பிறகுதான் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அதை எடுத்தார். எச்சத் தூசு நெஞ்சுக்கு ஆகாதாம். இனி எதுவும் வந்து மாட்டக் கூடாதென்று ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தார். கடைசியாகத் தன் சீட்டைத் தானே அவிழ்த்தார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

பொங்கலுக்குப் பொங்கல் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பார். அந்தக் கை மெஷினுக்குள் இருந்தபோது தெரியாமல் சுவிட்சைப் போட்டவர் அப்பா என்பதை, அவர் ரிட்டையர் ஆன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அந்தச் சுவிட்சில் சீட்டு எதுவும் தொங்கவில்லை.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மைனா மட்டும்தான்.