கட்டும் கெட்டும்

முதலில் குழந்தை வீறிடுவது போல ஓர் அழுகை, பிறகு ஆம்புலன்ஸ், கடைசியில் ஏதோ பறவையின் கழுத்தை நெரிப்பது போல ஒரு கீச்சு. எங்கள் பழைய காரின் அலாரம் இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை. பூதப்பாண்டியில் எங்கள் தெருவில் தேங்காய் விழுந்தாலும் அலறும், ஆடு உரசினாலும் அலறும், கோயிலில் வெடி போட்டால் கேட்கவே வேண்டாம். களியக்காவிளைக்காரர் ஒருவரிடமிருந்து அப்பா அந்தக் காரை வாங்கியபோது, அவர் தனியாகக் கடையில் மாட்டியிருந்த அந்தச் சனியனும் கூடவே வந்துவிட்டது.

தெருவே அதைச் சிரித்துப் பொறுத்துக்கொண்டது. ஆனால் எதிர்வீட்டு நீலகண்டன் மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சிரிப்பெல்லாம் போயிற்று. ஒருநாள் அலாரம் அடித்ததும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்க வண்டி அலறும்போ எனக்க உயிரு போயிட்டு வருது மக்கா" என்றார்.

அலாரத்தைக் கழற்ற மெக்கானிக் கேட்ட கூலியில் அப்பாவுக்கு மூச்சடைத்தது. "நாலு வயரு. இதுக்கு எதுக்கு இன்னொருத்தன்?" என்று அந்தச் சனிக்கிழமை மதியமே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கையில் கட்டிங் பிளேயரோடு ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். காரை விற்றவரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சொல்வது அம்மாவின் வேலை.

அப்பா திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே பெண் எடுத்தவர். எங்கள் பக்கத்தில் கட்டுவதற்கெல்லாம் "கெட்டு" என்றுதான் சொல்வோம். சேலை கெட்டுவோம், வீடு கெட்டுவோம், மாட்டைக் கெட்டுவோம். அப்பாவுக்கு அது காதில் விழுந்தாலே ஆகாது. "கெட்டுன்னா கெட்டுப்போறது. கட்டுன்னு சொல்லு" என்று கல்யாணமான நாளிலிருந்து ஏசி ஏசி, அவர் காதுபட அம்மா அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள்.

போனைக் காதில் வைத்தபடி அம்மா கத்தினாள்: "கறுத்த பெட்டிக்குப் போற ரெண்டு மஞ்ச வயரையும் கட்டு, கட்டுங்காரு!"

'டக், டக்' என்று சத்தம் கேட்டது. பெட்டி வெளியே வந்து விழுந்தது. அப்பா வயர் முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றினார், பேட்டரியை மாட்டினார், கார் கதவை ஓங்கி அறைந்தார். சத்தமே இல்லை! எதிர்வீட்டிலிருந்து மாமா கைகூப்பிக் கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் சாவியைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமாவின் மனைவி தங்கம் அத்தை தலைவிரி கோலமாக ஓடிவந்தார். "அவருக்கு மூச்சு முட்டுது, வண்டிய எடுங்க!" மாமாவைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினோம். அப்பா சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை. மாமாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு வயரையும் என்ன செஞ்சிய?" என்றாள் அம்மா.

"நீதானே கட்டுன்னே? கட் பண்ணிட்டேன்!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என் தெய்வமே! பெட்டிய எடுத்தா வண்டி ஓடாதுன்னுல்லா அந்த ரெண்டையும் கெட்டச் சொன்னாரு! நீங்க ஏசுவியளேன்னு நாந்தான் கட்டுன்னு மாத்திச் சொன்னேன். கெட்டுங்க! ரெண்டையும் ஒண்ணாக் கெட்டுங்க!"

தெருவே நின்று கேட்டது. அப்பா கீழே குனிந்து டேப்பைப் பல்லால் கிழித்து, செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினார். சாவியைத் திருப்பினார். கார் உறுமியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில்.

மாமா அதன் பிறகும் வெகுகாலம் இருந்தார். இப்போது அவரும் இல்லை, அந்தக் காரும் இல்லை. தெருவில் நிற்கிற புதுக் கார்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பேசாமல் கிடக்கின்றன. அம்மாவும் போய்விட்டாள். வெளியூரிலேயே இருந்து இருந்து எனக்கே வாயில் "கட்டு"தான் வருகிறது. என்னோடு இருக்கும் அப்பாவுக்கு இப்போது குனிய முடிவதில்லை. போன வாரம் நடக்கப் புறப்பட்டவர், நாடா அவிழ்ந்த ஷூவை என் பக்கம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் கெட்டி விடு மக்கா" என்றார், அம்மா சொல்வது போலவே.