செவலையின் காலுக்குப் போட்ட வாசலின்

மார்கழிப் பனியில் அப்பாவுக்கு உதடு வெடித்துவிட்டது. கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தவர் வாசலின் கேட்டார். டப்பாவைத் திறந்ததுமே எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் திருமழிசையில் இருந்தோம். எங்கள் செவலைக் கோழிக்குக் கால் முழுக்கச் செதில் தூக்கி, சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்திருந்தது. நடக்க முடியாமல் நொண்டியது.

"ஞாயித்துக்கெழம கொழம்பு வச்சிடு" என்றார் அப்பா.

"கால்ல பூச்சி ஏறிகினு கீது. அதுக்குப் போயி அறுப்பாங்களா?" என்று அம்மா மறித்தாள்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கோழியின் கால்களை ஊறவைத்தாள். நான் இறக்கைகளை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பழைய டூத் பிரஷ்ஷால் நோகாமல் தேய்த்தாள். செதிலுக்கு அடியில் இருக்கும் பூச்சி மூச்சுமுட்டிச் சாகட்டும் என்று வாசலினை வழித்து வழித்து அப்பினாள். புதுக் கொலுசு போட்டவள் மாதிரி செவலை காலைத் தூக்கித் தூக்கி நடந்தது.

டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால், ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதே டப்பாவில் விரலை விட்டு, வெடித்த உதட்டில் தடவிக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

அப்பாவின் உதடு மூன்றே நாளில் ஆறிவிட்டது. செவலைக்கு, வாராவாரம் தடவியும், ஒரு மாதம் ஆனது. அதற்குள் குழம்புப் பேச்சை எல்லோரும் மறந்திருந்தோம்.

இத்தனை வருஷமாக நானும் அம்மாவும் அதை அவரிடம் சொல்லவேயில்லை. இப்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவை நீட்டினேன். அப்பா வாங்கி, உள்ளே உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்கி மாரி இதுல இறகு எதுனா ஒட்டிகினு கீதா, பாரும்மா."