விருத்தாசலத்தில் காருக்கு ஹீட்டர்

விருத்தாசலத்தில் காருக்கு ஹீட்டர் பொருத்தியவர்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்தால் அதில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அது நான். சித்திரை வெயிலில் கார்க் கதவின் கைப்பிடியைத் துண்டு சுற்றித்தான் தொட முடியும். திரும்பிய பக்கமெல்லாம் பீங்கான் சூளை எரிகிற ஊர் வேறு. இங்கே வெப்பத்துக்காக ஒருவன் ஆறு மாதம் உழைத்தான் என்றால், அவனைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, புதுச்சேரிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியை வாங்கினேன். ஜெர்மன் தயாரிப்பு, தாழ்ந்த உடம்பு, பின்னால் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு விசிறி வீசுகிற காற்றிலேயே எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இரண்டே இருக்கைகள். மூன்றாவதாக ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று எந்த உறவினரும் கேட்க முடியாது என்பது அதன் தலையாய சிறப்பு. இரண்டாவது இருக்கை என் மனைவிக்கு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். முப்பத்து நான்கு ஆண்டுகள் கொதிகலன் ஆய்வாளனாக ஆலை ஆலையாக அலைந்தவன், இனி அவளோடு சேர்ந்து அலையலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மற்ற கார்களில் எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீரிலிருந்து ஹீட்டருக்கு வெப்பம் கிடைக்கும். என் வண்டியில் தண்ணீரே இல்லாததால் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரச் சட்டை போட்டு, அதற்குள் காற்றை விட்டுச் சூடாக்கி, அதைக் குழாய் வழியாக முன்னால் கொண்டுவருவார்கள். பழைய உரிமையாளர் நடைமுறை ஞானம் உள்ளவர். புதுச்சேரியில் இது எதற்கு என்று மொத்தத்தையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஓட்டைகளை அடைத்திருந்தார்.

அது எதற்கு என்பது முதல் ஜனவரியில் தெரிந்தது. மனைவியின் அக்கா கொடைக்கானலில் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்து அங்கே போவோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற வெளியே மூடுபனி, உள்ளே எங்கள் இரண்டு பேரின் மூச்சு. முன்கண்ணாடி உட்புறம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. வைப்பர் இருப்பது வெளியே. என் மனைவி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் குனிந்து, நான் பார்க்கிற இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வீட்டு வாசலில் நனைந்த முந்தானையோடு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, இஸ்திரிப் பெட்டி எங்கே என்பது.

ஊர் திரும்பிய பிறகு தீர்ப்பு வந்தது. "இனிமே நீங்க உங்க வண்டியில வாங்க. நான் ரயில்ல வரேன். கொடை ரோட்டுல எறங்கி பஸ் புடிச்சுக்கறேன். அக்கா வீட்டுல சந்திக்கலாம்."

சொன்னதைச் செய்பவள். அடுத்த ஜனவரியில் நான் முந்நூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் அவள் அக்காவுக்குக் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்த ஜனவரியிலும் அந்த டப்பாவோடு போவதாக இல்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் சட்டபூர்வமான பக்கத்தைப் பார்த்தேன். ஹீட்டர் பொருத்தினால் பதிவுப் புத்தகத்தில் குறிக்க வேண்டுமா என்று உரிய அலுவலகத்தில் விசாரித்தேன். எழுத்தர் "ஹீட்டரா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பக்கத்து மேஜைக்காரரும் கேட்கட்டும் என்று என்னை மூன்றாவது தடவை சொல்லவைத்தார். குறிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

வேலைக்குப் பிடித்தது கடைவீதியில் பாத்திரம் செய்கிற தகர வேலைக்காரரை. இட்லிக் கொப்பரை, பால் கேன், புகைபோக்கி, எதைச் சொன்னாலும் அளவு பிசகாமல் செய்வார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், இந்த ஊருல ஏசி வெக்கிறவங்க இருக்காங்க, ஏர்கூலர் வெக்கிறவங்க இருக்காங்க. ஹீட்டரு வெக்கணும்னு சொன்னா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டுனு போவாங்க."

"அளவு எடுங்க."

"எடுக்குறேன். வூட்டுல அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்காகத்தான்."

"அய்யய்யோ," என்றார் அனுதாபத்தோடு.

துத்தநாகம் பூசிய தகரம் கூடாது, சூடானால் கெட்ட புகை வரும் என்று சொல்லி, கொப்பரை செய்கிற எவர்சில்வர் தகட்டிலேயே சட்டை செய்யச் சொன்னேன். இருபுறமும் உள்ள புகைக்குழாய்க்கு ஒன்றாக இரண்டு சட்டைகள். அங்கிருந்து கதவுகளுக்குக் கீழே ஓடும் பொந்தான சட்டங்கள் வழியாக முன்னால் காற்று வரும். பாதி காலடியில், பாதி முன்கண்ணாடிக்குக் கீழே நீளமான இரண்டு துவாரங்களில். இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி. தூக்கினால் காற்று உள்ளே, இறக்கினால் வெளியே.

குழாய்களைச் சுற்ற வெப்பம் தாங்கும் பொருள் வேண்டியிருந்தது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டையில் ஃபியூஸ் பொருத்தும் பீங்கான் கட்டைகள் செய்து சுடுகிற ஒரு பெண்மணி இருக்கிறார். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து என் மனைவியோடு அரை மணி நேரம் பேசாமல் வீடு திரும்பாதவர். சூளைச் சுவருக்கு உட்புறம் ஒட்டுகிற வெள்ளைப் பஞ்சில் மிச்சத் துண்டுகளை ஒரு கோணி நிறையக் கொடுத்தார்.

"எதுக்கு சார் இது?"

சொன்னேன். சிரிக்கவில்லை. "சூடு எத்தன டிகிரி வரும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர்மேல் மரியாதை வந்தது.

இனி என்னுடைய பங்கு. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் நச்சுப்புகை காருக்குள் வரும். மணமில்லாமல், நிறமில்லாமல் ஆளைத் தூங்கவைத்துவிடும். அதனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, புகைக்குழாயின் வாயில் டீக்கடை அடுப்புக்கு ஊதுகிற சின்ன ப்ளோயரை வைத்து, சாம்பிராணிப் புகையை உள்ளே செலுத்தினேன். காருக்குள் கைப்பிடியைத் தூக்கிவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாம்பிராணி வரவில்லை. மூன்று நாள், மூன்று தடவை. தேறியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பணிக்காலம் முழுவதும் கசிவைத் தேடிப் பிடித்து, கசிவுக்காக ஆலைகளுக்கு நோட்டீஸ் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. கதவுகளுக்குப் புது ரப்பர். பிரேக், கிளட்ச் மிதிகள் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் உறை. ஜன்னல் விளிம்பு, சாமான் பெட்டி மூடி, தரையில் ஒயர் நுழையும் துளை, எல்லாவற்றையும் அடைத்தேன். உள்ளே உண்டாகும் சூடு ஒரு மூச்சளவும் வெளியே போகக்கூடாது. கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்டது. அதைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்குக் குளிர் வேண்டும். மார்கழியிலும் எங்கள் ஊர்க் குளிர் ஒரு துண்டோடு முடிந்துவிடும். ஆகையால் ஒருநாள் விடியற்காலையில் வண்டியை ஐஸ் கம்பெனி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றிவிட்டு ஓய்ந்திருந்த ஆட்கள், கோணியில் சுற்றிய ஐஸ் பாளங்களை முன்கண்ணாடியில் சாத்திப் பிடித்துக்கொண்டார்கள். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம். உள்ளே நானும் தகர வேலைக்காரரும், ஆளுக்கொரு சூடான டீயோடு. பஞ்சு கொடுத்த பாத்தியதையில் சூளைக்கார அம்மாவும் வந்து வெளியே நின்றார்.

கண்ணாடி ஐந்து நிமிடத்தில் வெளுத்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் கைப்பிடியைத் தூக்கினேன். காத்திருந்தோம்.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"கால்ல லேசா சூடு தெரியுது சார். அது ஹீட்டரா, நான் டீயைக் கொட்டிக்கினதான்னு தெரியல."

கண்ணாடி வெளுத்தபடியே இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினேன். அதே வெளுப்பு. ஆறு மாத வேலை. இன்னும் மூன்று வாரத்தில் பயணம். மனைவி ரயிலில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு டிக்கெட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். முறுக்கு டப்பா என் கண்முன் வந்து பெல்ட் போட்டுக்கொண்டது.

சூளைக்கார அம்மா என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"உள்ள வர்ற காத்து எந்த வழியா சார் வெளிய போவுது?"

"போகாது. ஊசி நுழைய இடமில்ல," என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப புதுசா காத்து எப்படி சார் உள்ள வரும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து தகர வேலைக்காரரின் குரல் வந்தது. "சார், இப்ப வருது. மூஞ்சில அடிக்கிது."

கண்ணாடியின் அடியில் பிறை வடிவில் இரண்டு இடம் தெளிந்திருந்தது. ஜன்னலை ஏற்றினேன், பிறைகள் மங்கின. இறக்கினேன், வளர்ந்தன. ஆய்வாளன் என்பதால் இதை நான்கு முறை செய்துபார்த்தேன்.

"எங்க சூளையில மொதல்ல புகபோக்கி வழியத் தொறப்போம். அப்புறந்தான் பர்னரு பத்தவெப்போம்," என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, வேலையைச் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. போக்கு இல்லாமல் வரத்து இல்லை என்று எத்தனை உலைகளைப் பற்றி நானே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கதவின் முன்மூலையில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, தனியாகத் திறக்கும். அவர் கையை உள்ளே விட்டு அதை விரல் அகலம் தள்ளி, ஜன்னலை ஏற்றச் சொன்னார். முன்கண்ணாடி முழுவதும் தெளிந்து, ஐஸ் பிடித்திருந்த ஆட்களின் முகம் தெரிந்தது. குளிரில் அவர்கள் உதடு நீலமாக இருந்தது.

"இதுக்கு ஒரு நிரந்தர வழி செய்யணும். மூடியோட ஒரு துவாரம்..." என்று ஆரம்பித்தேன்.

"விரல் அகலம் தொறந்தா போதும்ங்க. இதுக்கும் ஒரு படம் வரையாதீங்க சார்," என்றார் ஆறு மாதமாக என் படங்களைப் பார்த்து வேலை செய்த தகர வேலைக்காரர்.

அன்று மாலை முறைப்படி ஒரு சோதனை அறிக்கை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள்.

"கையெழுத்து நீங்களே போட்டிருக்கீங்க."

"ஆய்வாளர் நான்தான?"

"வண்டியும் உங்களுதுதான?"

பிறகு சூளைக்கார அம்மாவுக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிடம் பேசினார்கள். அதில் என் காருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம் இருக்கும். போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். "போவும்போது உங்ககூட வரேன். திரும்பி வர்ற டிக்கெட்டு இருக்கட்டும். பாத்துக்கலாம்."

போகிற டிக்கெட்டை ரத்து செய்தேன். அதற்கான படிவத்தை ஸ்டேஷனில் என்னைவிட வேகமாக நிரப்ப யாராலும் முடியாது. வருகிற டிக்கெட் அவள் கைப்பையிலேயே இருந்தது.

பெண்ணாடம் வரைக்கும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். தொழுதூர் தாண்டி நால்வழிச்சாலை போட்டுக்கொண்டிருந்ததால் மாற்றுப்பாதைகளில் குதித்தோம். வெயில் ஏறியது. கைப்பிடியை இறக்கியிருந்தும் புகைக்குழாய்ச் சட்டையின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. பெரம்பலூரில் செருப்பைக் கழற்றிக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஹீட்டரு நல்லா வேலை செய்யுதுங்க," என்றாள்.

குத்தல்தான். ஆனால் அவள் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. அது போதும்.

மலையில் பாதி தூரத்தில் மூடுபனி இறங்கியது. கண்ணாடியின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. அவள் கை தன்னால் முந்தானைக்குப் போனதைப் பார்த்தேன். கைப்பிடியைத் தூக்கினேன். அவள் முக்கோணக் கண்ணாடியை விரல் அகலம் தள்ளினாள். பிறைகள் வந்தன, வளர்ந்தன, சேர்ந்தன. சாலை தெரிந்தது.

ஒரு குழியில் வண்டி குலுங்கியதும் அந்தக் கண்ணாடி டக்கென்று மூடிக்கொண்டது. அதன் கொண்டி தேய்ந்திருந்தது. எல்லா ரப்பரையும் மாற்றியவன், திறந்து நிற்க வேண்டிய ஒன்றைப் பரிசோதிக்கவில்லை. முன்கண்ணாடி மறுபடி வெளுத்தது. அவள் மறுபடி திறந்தாள். அடுத்த வளைவில் மூடியது. விரலைக் கொடுத்துப் பிடித்துப் பார்த்தாள். குளிர் காற்றில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இந்த முறை இஸ்திரிப் பெட்டியோடு முடியாது என்று நான் வண்டியை ஓரங்கட்டத் தயாரானபோது, கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து, நாலாக மடித்து, இடுக்கில் செருகினாள். கண்ணாடி திறந்தபடி நின்றது.

"என்ன பேப்பரு அது?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஓட்டினேன். காலுக்குக் கதகதப்பு, முன்னால் தெளிவான சாலை. கொஞ்ச தூரம் போனதும் அவள் சீட்டில் சாய்ந்துகொண்டாள். சூளைக்கார அம்மா போனில் சொன்ன கல்யாண விஷயம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, அக்கா வீட்டு வாசல் வரை சொன்னாள்.

அக்கா வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருக்குதே. நான் இஸ்திரிப் பெட்டிய எடுத்து வெச்சிருந்தேன்."

பெட்டிகளை இறக்கும்போது இடுக்கைப் பார்த்தேன். திரும்பி வருகிற ரயில் டிக்கெட். பனியில் நனைந்து மை பரவியிருந்தது. அந்த நிலையில் உள்ள டிக்கெட்டை என்ன செய்ய வேண்டும், யாரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் பேசவில்லை. ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவளும் பேசவில்லை; காலி முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த முக்கோணக் கண்ணாடிக்குச் சரியான அளவில் ஒரு புதுக் கொண்டி வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பொருத்தவில்லை.